அமில நீக்கி மாத்திரையில் பேக் டைட்ரேஷன்: கணக்கும், பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதும்

ஆய்வக ரெக்கார்டு நோட்டில் "பிழைக்கான காரணங்கள்" என்ற தலைப்புக்குக் கீழே வழக்கமாக இருப்பவை இரண்டு: மனிதத் தவறு, பார்வைப் பிழை. இரண்டுக்கும் மதிப்பெண் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. எந்தத் தவறு, அது விடையைக் கூட்டுமா குறைக்குமா, ஏறக்குறைய எவ்வளவு என்று மூன்றையும் சொன்னால்தான் தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார். பேக் டைட்ரேஷனில், அதாவது மாத்திரைக்கு அமிலத்தைத் தேவைக்கு மேல் போட்டு மிஞ்சியதைக் காரத்தால் அளக்கும் முறையில், அதைச் சொல்வது ஒன்றும் பெரிய வித்தை கிடையாது. பியூரெட்டிலிருந்து இறங்கும் காரம் கூடினால் மாத்திரையின் கணக்கு குறையும். காரம் குறைந்தால் மாத்திரை கூடும். நேர் டைட்ரேஷன் செய்து பழகிய கைக்கு இது தலைகீழாகத் தெரியும். பாதிப் பேர் சறுக்குவதும் இங்கேதான்.

நேராகவே அமிலத்தை விட்டு டைட்ரேட் செய்தால் என்ன என்று கேட்கலாம். மாத்திரையில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டோ மெக்னீசியம் ஹைட்ராக்சைடோ தண்ணீரில் கரையாது. ஒவ்வொரு துளி அமிலத்துக்கும் திடப்பொருள் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். நிறம் மாறும், அரை நிமிடத்தில் திரும்பிப் போகும். அதனால் தேவைக்கு மேல் அமிலத்தை அளந்து ஊற்றி, எல்லாவற்றையும் கரைத்துவிட்டு, மிச்சமிருக்கும் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் அளக்கிறோம். போட்ட அமிலத்தில் மிச்ச அமிலத்தைக் கழித்தால் மாத்திரை தின்ற அமிலம்.

அளவுகளை முதலில் தீர்மானிக்க வேண்டும்

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் 25 மி.லி. பிப்பெட்டுக்கு எழுதியவை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் கையில் கிடைப்பது 20 மி.லி. பிப்பெட்டும் 50 மி.லி. பியூரெட்டும். அதற்கேற்றபடி ஒரு திட்டம்:

500 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று அட்டையில் போட்ட, வெள்ளை நிறச் சப்பும் மாத்திரை. ஏறக்குறைய 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிப்பெட்டில் இரண்டு முறை, ஆக 40 மி.லி. ஏறக்குறைய 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. மாத்திரைப் பொடி 0.65 கிராம், அதாவது அரை மாத்திரை.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? அரை மாத்திரையில் 250 மி.கி. கார்பனேட், அதாவது 2.5 மில்லிமோல். ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம் வேண்டும், ஆகவே 5 மில்லிமோல் அமிலம் செலவாகும். போட்டது 8. மிச்சம் 3 மில்லிமோல், அதற்கு 0.1 மோலார் காரம் 30 மி.லி. பியூரெட்டை ஒருமுறை நிரப்பினால் போதும். முழு மாத்திரையைப் போட்டால் 10 மில்லிமோல் வேண்டும், அமிலம் பற்றாது. காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினாப்தலீன் விட்டதுமே பல்லிளித்துவிடும். மிச்சம் நிற்கும் அமிலம், போட்டதில் மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கும் இடையில் இருப்பது நல்லது. அதற்குக் குறைந்தால் கடைசித் துகள்கள் கரைய மணிக்கணக்காகும். கூடினால் கழித்தல் பிழை பெருகும். அதைக் கணக்கில் பார்ப்போம்.

கரைசல்கள்

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 12 மோலார். 17 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் 0.2க்குப் பக்கத்தில் வரும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், புகைப்பெட்டிக்குள் வைத்து. சரியான செறிவு இப்போது தெரிய வேண்டியதில்லை.

சோடியம் ஹைட்ராக்சைடு 4.2 கிராம் ஒரு லிட்டருக்கு. இதை நான்கு தசம இடத்துக்கு எடை போடுவது வீண் வேலை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் கன்னியாகுமரி. மூடியைத் திறந்து தராசுக்குக் கொண்டுபோவதற்குள் வில்லைகள் பளபளவென்று ஈரம் கோத்துக்கொள்ளும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் அது இழுக்கும். எடை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அன்றைக்கே ஆக்சாலிக் அமிலத்தை வைத்துத் தரப்படுத்திவிட்டால், அதாவது உண்மைச் செறிவைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். கரைசலைப் பாலிதீன் பாட்டிலில் வையுங்கள். கண்ணாடி மூடி இரண்டு நாளில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் திருகு பியூரெட்டில் காரத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாலும் இதே கதிதான்.

ஆக்சாலிக் அமிலப் படிகத்தின் மோலார் நிறை, இரண்டு நீர் மூலக்கூறோடு சேர்த்து, 126.07. ஓவனில் வைத்து உலர்த்தாதீர்கள். படிக நீர் போய்விடும், கணக்கு கெடும். ஏறக்குறைய 1.58 கிராம் சரியாக எடை போட்டு 250 மி.லி. திட்டக் குடுவையில் கரைத்தால் 0.05 மோலார்.

எடுத்துக்காட்டாக, எடை 1.5820 கிராம் என்று வைப்போம். 1.5820 ÷ 126.07 ÷ 0.250 = 0.05019 மோலார். இதில் 20.00 மி.லி.க்கு 20.35 மி.லி. காரம் செலவானால், காரத்தின் செறிவு 2 × 20.00 × 0.05019 ÷ 20.35 = 0.09866 மோலார். அந்த இரண்டு, ஆக்சாலிக் அமிலத்தில் இரண்டு ஹைட்ரஜன் இருப்பதால் வருவது. நார்மாலிட்டியில் பழகியவர்கள் இதை மறப்பதில்லை, மோலாரிட்டிக்கு மாறியவர்கள்தான் மறப்பார்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் இருக்க வாய்ப்பு உண்டு. அதுவும் அமிலத்தைத் தின்னும். காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 200 மி.கி. இருக்கும் தண்ணீரை 40 மி.லி. குடுவையில் ஊற்றினால் 0.16 மில்லிமோல் அமிலம் அங்கேயே போய்விடும். பியூரெட்டில் 1.6 மி.லி. குறையும், மாத்திரை 3 சதவீதத்துக்கு மேல் நல்லதாகத் தெரியும். வாலை வடிநீர் இல்லையென்றால் கடையில் விற்கும் பேட்டரி தண்ணீரைச் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம்: 50 மி.லி.யில் இரண்டு துளி பினாப்தலீனும் ஒரு துளி 0.1 மோலார் காரமும் விட்டால் இளஞ்சிவப்பு வர வேண்டும். வராவிட்டால் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மாத்திரையைப் பொடித்தல்

ஐந்து மாத்திரைகளைச் சேர்த்து எடை போட்டு ஐந்தால் வகுத்தால் சராசரி எடை. இங்கே 6.520 கிராம் என்றால் ஒன்று 1.304 கிராம். பிறகு எல்லாவற்றையும் உரலில் மாவாக அரைத்து, அந்தப் பொடியிலிருந்து எடை போடுங்கள். முழு மாத்திரையை எடை போட்டுவிட்டு அரைத்து அப்படியே குடுவையில் தட்டுகிறவர்கள் உண்டு. உரலில் ஒட்டியது அங்கேயே நிற்கும், விடை குறையும். அரைத்த பிறகு எடை போட்டால் ஒட்டியதைப் பற்றிக் கவலையே இல்லை.

தராசுக்கு மேலே மின்விசிறி சுற்றினால் மூன்றாவது தசம இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். எடை போடும் அந்த நிமிடத்துக்கு விசிறியை நிறுத்துங்கள். 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசில் 0.65 கிராம் போட்டால் அதிலேயே ஒன்றரை சதவீதம் போய்விடும், 0.001 கிராம் தராசு என்றால் 0.15 சதவீதம்.

கரைத்தல், கொதிக்கவைத்தல்

250 மி.லி. கூம்புக் குடுவையில் பொடியைப் போட்டு, சில துளி தண்ணீரில் நனைத்துவிட்டு அமிலத்தை விடுங்கள். காய்ந்த பொடிமேல் அமிலம் விழுந்தால் நுரைத்துக் குடுவையின் கழுத்து வரை ஏறும், கட்டியும் பிடிக்கும். 40 மி.லி. அமிலம் முழுவதும் போனதும் பக்கங்களைத் தண்ணீரால் கழுவி, மேலே 40 மி.லி. தண்ணீர் சேர்த்து, வாய்க்கு ஒரு வாட்ச் கிளாஸ் மூடி மெல்லச் சூடாக்குங்கள். குமிழி நின்ற பிறகு மூன்று நான்கு நிமிடம் மெதுவாகக் கொதிக்கட்டும்.

இந்தக் கொதிக்கவைத்தலைத்தான் நேரமில்லை என்று விட்டுவிடுவார்கள். மொத்தப் பரிசோதனையிலும் பெரிய பிழை இதில்தான் இருக்கிறது. கார்பனேட் கரையும்போது 2.5 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். அதில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்து நிற்கும். பினாப்தலீன் நிறம் மாறும் இடத்தில் அது ஒவ்வொரு மோலுக்கும் ஒரு மோல் காரத்தை விழுங்கி பைகார்பனேட் ஆகும். பத்தில் ஒரு பங்கு மட்டும் தங்கினாலும் 2.5 மி.லி. காரம் கூடும், விடை 5 சதவீதம் குறையும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: இளஞ்சிவப்பு வரும், குலுக்கினால் போகும், இன்னொரு துளி விட்டால் வரும், மறுபடியும் போகும். அப்படி நடந்தால் அந்த அளவீட்டை நம்பாதீர்கள்.

கொதித்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆவியாகிப் போய்விடாதா என்ற சந்தேகம் நியாயமானது. இவ்வளவு நீர்த்த கரைசலிலிருந்து போகும் ஆவி ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். வற்றவிட்டால்தான் ஆபத்து. தெறித்து வெளியே போவது வேறு விஷயம்: அமிலம் குறையும், காரம் குறையும், மாத்திரை கூடுதலாகத் தெரியும். வாட்ச் கிளாஸ் அதற்காகத்தான். அதன் அடிப்பக்கத்தையும் குடுவைக்குள் கழுவிவிடுங்கள்.

மூடியபடியே குடுவையைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஆறவிட வேண்டும். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் வண்டல் நிற்கும். டால்க், ஸ்டார்ச், ஸ்டீயரேட் போன்ற நிரப்பிகள் அவை, அமிலத்தில் கரையாது. கரையாத கார்பனேட்டா நிரப்பியா என்று தெரிய குடுவையைச் சாய்த்துப் பாருங்கள்: வண்டலிலிருந்து பொடிக் குமிழிகள் தொடர்ந்து எழுந்தால் இன்னும் கரைய வேண்டியது பாக்கி.

டைட்ரேஷன், பிளாங்க்

பியூரெட்டை முதலில் தண்ணீரால், பிறகு அதே காரத்தால் இரண்டு முறை கழுவுங்கள். கூம்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டும். அதை அமிலத்தால் கழுவினால் கணக்கில் வராத அமிலம் உள்ளே நிற்கும். காரம் கூடும், விடை குறையும். புனலை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள், முனையில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. மூன்று துளி பினாப்தலீன். 30 விநாடி நிற்கும் மங்கிய இளஞ்சிவப்புதான் முடிவு. கத்தரிப்பூ நிறம் வந்தால் தாண்டிவிட்டீர்கள்.

இப்போது பிளாங்க். அதே பிப்பெட்டால் 20 மி.லி. அமிலம் எடுத்து, மாத்திரை போடாமல், அதே தண்ணீர், அதே கொதி, அதே நிறங்காட்டி, அதே பியூரெட். 41.10 மி.லி. செலவானது என்று வைப்போம். 40 மி.லி. அமிலத்துக்கு 82.20 மி.லி. இதைச் செய்தவர்களுக்கு அமிலத்தின் செறிவே தேவையில்லை. பிப்பெட் 20.00க்குப் பதில் 19.95 தள்ளினாலும் இரண்டு பக்கமும் ஒரேபோல் தள்ளும், கழித்தலில் போய்விடும். பி வகுப்பு 20 மி.லி. பிப்பெட்டுக்கு 0.06 மி.லி. வரை பிழை அனுமதி உண்டு. பிளாங்க் இல்லாமல் இரண்டு முறை ஊற்றினால் அது 0.12 மி.லி. ஆகி, விடையில் அரை சதவீதமாக நிற்கும்.

கணக்கு

பொடி 0.6514 கிராம். செலவான காரம் 32.20 மி.லி.

மாத்திரை தின்ற அமிலம், காரத்தின் அளவில்: 82.20 − 32.20 = 50.00 மி.லி.

மில்லிமோலில்: 50.00 × 0.09866 = 4.933.

கால்சியம் கார்பனேட்: 4.933 ÷ 2 = 2.4665 மில்லிமோல். இதை 100.09 ஆல் பெருக்கினால் 246.9 மி.கி.

ஒரு மாத்திரையில்: 246.9 ÷ 0.6514 × 1.304 = 494 மி.கி. அட்டையில் சொன்னதில் 98.8 சதவீதம்.

அமில நீக்கும் திறன் மட்டும் போதுமென்றால் இரண்டால் வகுக்க வேண்டாம்: 4.933 ÷ 0.6514 × 1.304 = 9.88 மில்லி ஈக்விவலண்ட் (அதாவது தின்னும் அமிலம், மில்லிமோலில்), ஒரு மாத்திரைக்கு. மருந்து என்ற கோணத்தில் இந்த எண்தான் பயன்படும். மாத்திரைக்குள் எந்த உப்பு என்று தெரியாதபோது நேர்மையாகச் சொல்லக்கூடியதும் இது மட்டுமே.

அடிக்கடி பார்க்கும் கணக்குத் தவறு மூன்று. இரண்டால் வகுக்க மறப்பது: விடை 988 மி.கி. வரும். மிச்ச அமிலத்தையே விடையாக எழுதுவது: 32.20ஐ நேரே காரச் செறிவால் பெருக்கிக் கார்பனேட்டாக மாற்றிவிடுவார்கள், கழித்தலே இருக்காது. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது, நன்றாகப் படிக்கிறவர்களும் செய்வது: வெவ்வேறு எடைக்கு வந்த டைட்டர் மதிப்புகளை, அதாவது செலவான கார அளவுகளைச் சராசரி எடுப்பது. இரண்டாவது குடுவையில் 0.6587 கிராம் போட்டு 31.75 மி.லி. வந்தால், 32.20க்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை என்று பயந்து மூன்றாவது செய்யப் போவார்கள். ஒரு கிராமுக்கு மாற்றிப் பாருங்கள்: முதலாவது 7.573, இரண்டாவது 7.556 மில்லிமோல். 0.2 சதவீத வித்தியாசம்தான், அருமையான ஒற்றுமை. சராசரி எடுக்க வேண்டியது இந்த எண்களை.

பாட்டிலில் ஒட்டியிருக்கும் செறிவை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் இதே எண்களில் பார்க்கலாம். பிளாங்க்கிலிருந்து அமிலம் 0.2027 மோலார் என்று தெரிகிறது. லேபிளில் 0.2 என்று இருப்பதை எடுத்தால் போட்ட அமிலம் 8.000, மிச்சம் 3.177, செலவு 4.823. விடை 2.2 சதவீதம் குறைகிறது. செறிவில் இருந்த பிழையோ 1.3 சதவீதம்தான். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கும்போது பிழை இப்படித்தான் பெருகும். 40 மி.லி.க்குப் பதில் 80 மி.லி. அமிலம் போட்டிருந்தால் இதே தவறு இரண்டு மடங்காகும்.

காரத்தின் செறிவில் ஒரு சதவீதம் தவறினால் பிளாங்க் முறையில் விடையும் ஒரு சதவீதம் தவறும், அவ்வளவுதான். பிளாங்க்கின் பியூரெட் அளவீட்டில் 0.05 மி.லி. பிசகினால் இரண்டால் பெருக்குவதால் 0.10 ஆகும், விடையில் 0.2 சதவீதம். ஆகவே பிளாங்க்கை ஒருமுறை செய்து விட்டுவிடாமல் ஒத்த அளவீடு வரும்வரை செய்யுங்கள்.

எல்லாம் சரியாக நடந்ததா என்று அறிய எளிய வழி, மாத்திரைக்குப் பதில் தூய கால்சியம் கார்பனேட் 0.2500 கிராம் போட்டுப் பார்ப்பது. மேலே உள்ள கரைசல்களுக்கு 31.57 மி.லி. வர வேண்டும். 33, 34 என்று வந்தால் கொதி போதவில்லை. தூய கார்பனேட் கிடைக்காத பள்ளியில், கரையில் பொறுக்கிய சிப்பியைக் கழுவி உலர்த்தி மாவாக்கிக் கைப்பழக்கத்துக்குப் பயன்படுத்தலாம். சுண்ணாம்புக் காளவாயில் சுடுவதும் இதே பொருள்தான். ஆனால் சிப்பியைத் தரத்துக்கு வைத்து எதையும் திருத்தக் கூடாது, அது நூறு சதவீதம் தூயது கிடையாது.

மாத்திரை மாறினால்

மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருவது பலசமயம் அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் கலந்தது. அதில் மேற்சொன்ன முறையை அப்படியே போட்டால் ஏமாந்துபோவீர்கள். அமிலத்தில் கரைந்த அலுமினியம், காரம் சேர்ந்து பினாப்தலீன் மாறும் இடத்துக்கு வருவதற்குள் மறுபடியும் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். அதாவது தின்ற அமிலத்துக்கு ஈடான காரத்தை அப்படியே திரும்பத் தின்றுவிடும். ஒவ்வொன்றும் 250 மி.கி. இருந்தால் கணக்குப்படி அலுமினியத்துக்கு 9.6, மெக்னீசியத்துக்கு 8.6, மொத்தம் 18.2 மில்லி ஈக்விவலண்ட். பினாப்தலீனில் பார்த்தால் மெக்னீசியத்தின் பங்கு மட்டும்தான் ஏறக்குறைய மிஞ்சும். மருந்து மட்டம் என்று எழுதிவிடாதீர்கள், நிறங்காட்டிதான் பொருந்தவில்லை. குடுவை பால்போல வெளுத்து வருவது அடையாளம்.

இதற்கு பி.எச். 3.5ல் நிறுத்த வேண்டும். அமெரிக்க மருந்தியல் நூலின் முறையும் அதுதான்: 1 நார்மல் அமிலம் 30 மி.லி., 37 டிகிரி செல்சியஸ், 15 நிமிடம் கலக்கல், 0.5 நார்மல் காரத்தால் பி.எச். 3.5 வரை. மீட்டர் இல்லையென்றால் 3.0க்கும் 4.6க்கும் இடையில் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறும் புரோமோபினால் நீலம் உதவும். பிளாங்க்கும் அதே நிறம் வரை. நமது 40 மி.லி. அமிலத்துக்கு இந்த மாத்திரையில் கால் பங்குக்குச் சற்று மேல் போதும். உலர்ந்த அலுமினியம் ஜெல் சோம்பேறி. நன்றாக அரைத்து, சூட்டில் வைத்துப் பொறுமையாகக் கரைக்க வேண்டும். அது முழுக்க அலுமினியம் ஹைட்ராக்சைடும் இல்லை என்பதால் 18.2 முழுதாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இளஞ்சிவப்பு மாத்திரை வாங்காதீர்கள். சாயமும் பினாப்தலீனும் ஒரே நிறம், முடிவு எங்கே என்று கண் தடுமாறும். வேறு கிடைக்காத பட்சத்தில், கார்பனேட் மாத்திரை என்றால் நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டு புரோமோதைமால் நீலம் பயன்படுத்தலாம்.

தண்ணீரில் போட்டால் பொங்கும் பொடிகளில் சோடியம் பைகார்பனேட்டோடு சிட்ரிக் அமிலமும் இருக்கும். பினாப்தலீன் வரை போனால் சிட்ரிக் அமிலத்தின் மூன்று ஹைட்ரஜனும் காரத்தை வாங்கும். கிடைப்பது பைகார்பனேட்டிலிருந்து சிட்ரிக் அமிலம் கழிந்த நிகர எண். அதை அப்படியே பைகார்பனேட் என்று எழுதினால் அட்டையோடு ஒத்துவராது.

பாட்டிலில் வரும் திரவ மருந்தை பிப்பெட்டில் எடுக்காதீர்கள். கெட்டியாகச் சுவரில் ஒட்டி நின்று குறைவாக இறங்கும். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்து, சிரிஞ்சோடு எடை போட்டு, குடுவையில் விட்டபின் மறுபடியும் எடை போடுங்கள்; வித்தியாசம்தான் போன மருந்து. ஒரு ஸ்பூன் அளவுக்கு மாற்ற, 10 மி.லி. அளவுருளையில் ஊற்றி எடை பார்த்து அடர்த்தியைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். குலுக்கி வெகுநேரம் ஆன பாட்டிலென்றால் மேலே தெளிவும் கீழே வண்டலும் பிரிந்திருக்கும். அடுத்த எடைக்கு முன் மறுபடியும் குலுக்குங்கள்.